தொண்ணூற்றைந்தாயிரம் ரூபாய்க் கூரை

பூங்காவனத்தின் விரலை ரேஷன் கடை மெஷின் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்கள். கடைக்காரர் சலித்துப்போய், கண்ணைக் காட்டச் சொல்லும் இன்னொரு மெஷினை எடுப்பார்.

"ஒனக்கு ரேகையே இல்ல ஆயா. கொலையே பண்ணாலும் போலீஸ்காரன் புடிக்க முடியாது."

"மொத ஒன்னயத்தான் பண்ணுவேன். எடையில அடிக்கிற பாரு, அதுக்கு."

வரிசை சிரிக்கும்.

ரேகை போனது முந்திரிக்கொட்டையால். அரும்பாவூரில் கிணற்றுப் பாசனத்தில் வளர்ந்தவள். பதினெட்டு வயதில் செந்துறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். புருசன் சின்னதுரை அரியலூரில் சிமெண்டு மூட்டை ஏற்றினான். அந்தக் கூலியில் 1997-ல் இரண்டு அறையும் ஒரு கூடமுமாக, காங்கிரீட் தளம் போட்ட ஒரு மெத்தை வீடு கட்டினான். தெருவில் அது இரண்டாவது மெத்தை வீடு. ஆறு வருடம் அதன் கீழ் படுத்தான். ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். மகன் கலைவாணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

பூங்காவனம் முந்திரிச் செட்டுக்குப் போனாள். வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டி உடைத்து, பருப்பை முழுசாக எடுக்க வேண்டும். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைத் தின்னும். கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பார்கள். சாம்பல் கொஞ்ச நேரம்தான் காக்கும். இரண்டாம் வருடம் அவள் உள்ளங்கை கறுத்தது. நாலாம் வருடம் விரல் நுனிகள் வழவழப்பாகிவிட்டன. கலைவாணனின் பள்ளிக்கூடம், திருச்சியில் சிவில் இன்ஜினியரிங், ஹாஸ்டல் எல்லாம் அந்தச் செட்டில் உடைந்து வந்த காசு.

சென்னையில் வேலை கிடைத்த வருடம் உடன் வேலை பார்க்கும் இரண்டு பேரை ஊருக்கு அழைத்து வந்தான். பூங்காவனம் கோழிக் குழம்பு வைத்துப் பரிமாறினாள். அவர்களில் ஒருவன் அவள் கையைப் பார்த்துவிட்டுச் சோற்றை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினான். அவர்கள் பஸ் ஏறிப் போனதும் கலைவாணன் அம்மாவின் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்தான்.

"இனிமே கொட்ட ஒடைக்க மாட்டேன்னு சொல்லு."

"அடச்சீ, விடுடா. தலையில எல்லாம் வெக்காத."

"சொல்லும்மா."

சொன்னாள். பெற்ற பிள்ளையின் தலையில் அடித்த சத்தியம் பொய்த்தால் அது அந்தத் தலையைத்தான் பிடிக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. பதினோரு வருடம் செட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கையின் கறுப்பு வெளுத்தது, ரேகை திரும்பவில்லை. சொந்தமாக இருந்த ஒரு ஏக்கர் முந்திரிக் கொல்லையை மட்டும் பார்த்துக்கொண்டாள். கொட்டையை உடைக்காமல் மூட்டையாகவே வியாபாரிக்குப் போடுவாள். செலவு போக வருடத்துக்கு முப்பதாயிரம் நிற்கும். அதில்தான் சாப்பாடு. மகன் மாதம் இரண்டாயிரம் அனுப்புவான். அனுப்பாத மாதங்களும் உண்டு. அவனுக்குக் கல்யாணமாகி, பிளாட் வாங்கி, அதற்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தான்.

கூரை ஒழுக ஆரம்பித்தது அவளுடைய ஐம்பத்தெட்டாவது வயதில். முதல் வருடம் ஓர் இடத்தில். அடுத்த வருடம் நாலு இடத்தில். மூன்றாம் வருடம் மழை விட்ட பிறகும் இரண்டு நாள் சொட்டியது. ஒரு மத்தியானம் கூடத்துக் காரை பெயர்ந்து சோற்றுப் பானையில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். கம்பி தெரிந்தது. துருப்பிடித்து, பொருக்குத் தட்டி, தொட்டால் உதிர்கிற கம்பி.

பக்கத்து வீட்டுக் காத்தாயிக்கு அதில் ஒரு சந்தோஷம். காத்தாயியின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். படிக்கவில்லை. ஆனால் அம்மாவுக்குத் தகரம் போட்டுக் கொடுத்திருந்தான்.

"இஞ்சினியரம்மா, நேத்து மழைக்கு எத்தன கொடம் ரொம்புச்சு?"

"ஏழு. ஒனக்கு ரெண்டு அனுப்பவா? ஒன் வாயக் கழுவு."

வாசலில் அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள். ஒழுகுவதை அவளால் தாங்க முடிந்தது. கட்டடம் கட்டுகிற படிப்புப் படித்தவனின் அம்மா வீட்டில் குடம் வைத்துப் பிடிக்கிறார்கள் என்று ஊர் பேசுவதைத் தாங்க முடியவில்லை. மகன் கூரை போட்டுக் கொடுத்தான் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, காத்தாயி வாயால் கேட்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை எதுவும் அப்போது இல்லை.

போனில் சொன்னாள். கலைவாணன் கேட்டுக்கொண்டான்.

"மூணு கொட்டேஷன் வாங்கும்மா. நான் பாக்குறேன்."

அவனுடைய வேலையே அதுதான். கட்டுமானக் கம்பெனியில், ஒப்பந்தக்காரர்கள் கொடுக்கும் விலைப் பட்டியல்களைப் பிரித்துப் பார்த்து, எதை மறைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. குப்பை அள்ளும் கூலி, முட்டுக் கொடுக்கும் சவுக்குக் கட்டை வாடகை, தண்ணீர், கரண்டு, கடைசி வாரத்தில் முளைக்கும் கூடுதல் வேலை. அவன் கண்ணில் எதுவும் தப்பாது என்று அலுவலகத்தில் பெயர். முதல் நாளே அம்மாவிடம் ஒன்று சொல்லிவிட்டான். "ஒரு லட்சம். அதுக்கு மேல ஒத்த ரூபா கெடையாது. மேல போச்சுன்னா அந்த வூட்ட வித்துட்டு இங்க வந்துரு."

ஆனி மாதத்தில் ஒவ்வொருவராக வந்தார்கள்.

அரியலூர் கம்பெனி ஒன்றிலிருந்து தமிழ்மொழி என்ற இளம் இன்ஜினியர் வந்தான். கையில் டேப்லெட். தலையை உயர்த்திப் பார்த்தான், படம் எடுத்தான், மோர் குடித்தான், போனான். இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் என்று மெயில் வந்தது. வரி தனி. முட்டு, குப்பை, தண்ணீர் எல்லாம் தனி என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

லெப்பைக்குடிக்காட்டிலிருந்து காமில் வந்தார். பதினான்கு வருடம் துபாயில் தண்ணீர் கசியாத பூச்சு வேலை பார்த்தவர். எழுபத்தெட்டாயிரம் என்று எழுதிக் கொடுத்தார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் நின்றார்.

"அம்மா, உள்ளதச் சொல்லிப்புடுறேன். மேல பூசுறதுதான் எனக்குத் தெரிஞ்ச வேல. ஒங்க வூட்டுல சீக்கு கம்பியில இருக்கு. கம்பிய சரி பண்ணாம நான் பூசுனா அல்லாவுக்குப் பொறுக்காது. மவன்கிட்ட சொல்லுங்க."

மூன்றாவது ஆள் உள்ளூர் மேஸ்திரி ராசாங்கம். ஒரு நாள் முழுக்க மேலேயும் கீழேயும் இருந்தார். சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். தொங்குகிற காரையைக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, செத்த கம்பிக்குப் புதுக் கம்பி கட்டி, கலவை அடித்து, மேலே தண்ணீர் இறங்காமல் தட்டோட்டை வரிசையாகப் பதித்து, சுற்றி இரண்டரை அடி கைப்பிடிச்சுவர். முட்டு, குப்பை, தண்ணீர் உட்பட ஒரு லட்சத்து ஐம்பத்தைந்தாயிரம்.

"கைப்புடிச்சுவரு எதுக்கு?" என்றாள்.

"மாடியில ஓரமே இல்ல, யக்கா. வத்தல் காயப்போடப் போறவ ஒருநா காத்துல பறந்துருவ."

"நாங் காக்காயா பறக்க?"

சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்கியதும், அவள் பக்கத்தில் இருந்த மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ராசாங்கம், தொண்ணூத்தஞ்சுன்னு எழுது."

"எது?"

"பேப்பர்ல தொண்ணூத்தஞ்சாயிரம்னு எழுது. மிச்சம் அறுவதுக்குக் கொல்லய எடுத்துக்க. ரெண்டு வருச மகசூல். வர்ற சித்திரையும் அடுத்த சித்திரையும்."

ராசாங்கத்துக்குப் புரிய நேரம் பிடித்தது. முப்பது வருடத் தொழிலில் விலையைக் குறைக்கச் சொன்னவர்கள் ஆயிரம் பேர். குறைத்து எழுது, நிறைய வாங்கிக்கொள் என்றவள் இவள் ஒருத்திதான்.

"ரெண்டு வருசம் நீ என்னத்தத் திம்ப?"

"செட்டு இருக்குல்ல."

"மவன் தலையில சத்தியம் பண்ணிருக்கன்னு ஊருக்கே தெரியும்."

"பண்ணேன். அவனுக்குத் தெரியாம ஒடைச்சா சாமிக்கு மட்டுந்தான் தெரியும். சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். அவங்கிட்ட நீ பேசாத. சொன்னன்னு வெய்யி, எம் மூஞ்சில முழிக்காத."

"நீயே அறுவதாயிரம் போடுறேன்னு சொல்லிப்புட்டா என்னக்கா?"

"ஊருல என்ன பேசுவாளுவ? ஆத்தா காசுல கூர போட்டான்னு பேசுவாளுவ. அவனே போட்டதா இருக்கட்டும்."

ராசாங்கம் நோட்டிலிருந்து அரைத்தாள் கிழித்து எழுதினார். ஒரு ஏக்கர் முந்திரி, இரண்டு வருட மகசூல், அறுபதாயிரத்துக்கு ஈடு. பூங்காவனம் கட்டைவிரலில் மை தொட்டு அழுத்தினாள். கோடு எதுவும் விழவில்லை. நீல வட்டமாக ஒரு கறை.

"இதக் கொண்டுபோயி எந்தக் கோர்ட்டுல காட்டுறது?" என்றார்.

"கோர்ட்டுக்குப் போற மூஞ்சியப் பாரு" என்றாள்.

மறுநாளே செட்டுக்குப் போனாள். கை மறந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனாள். மறக்கவில்லை. முதல் கொட்டையை உடைக்கும் முன் கிழக்கே பார்த்து, "எது வந்தாலும் எனக்கு வரட்டும், அவன வுட்டுடு" என்று சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செங்கமலம் இதைக் கேட்டாள். அவள் பிறகு சொன்னதுதான்.

ஆவணியில் கலைவாணன் ஒருநாள் வந்தான். தூரம் அளக்கும் லேசர் கருவி கொண்டுவந்திருந்தான். சிவப்புப் புள்ளி சுவரில் ஓடியது. சுத்தியலால் தட்டி, பொள்ளல் ஒலி கேட்ட இடங்களையெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டான். முப்பத்தொரு வட்டம். அம்மா டம்ளரை நீட்டினாள். மறுபடி கறுத்த கை. டம்ளரை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான்.

சென்னைக்குத் திரும்பி ஒப்பீட்டுத் தாள் போட்டான். நாற்பத்தோரு வரி. கம்பெனியின் இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தை, மறைந்திருந்ததையெல்லாம் கூட்டி, இரண்டு லட்சத்து எண்பத்தோராயிரத்துக்குக் கொண்டுபோனான். காமிலின் எழுபத்தெட்டாயிரம், கம்பி வேலையைச் சேர்த்ததும் ஒரு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரம் ஆனது. கைப்பிடிச்சுவர் ஒருவர் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றவர்களோடு ஒப்பிட முடியாது, அவசியமும் இல்லை என்று குறித்தான். பிறகு ராசாங்கத்தின் தாளுக்கு வந்தான். அதே வேலைக்கு அவனே போட்ட மதிப்பீடு ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம். ராசாங்கம் எழுதியிருந்தது தொண்ணூற்றைந்து. முப்பத்தேழரை சதவீதம் குறைவு. மதிப்பீட்டில் கால் பங்குக்கு மேல் குறைந்து வரும் விலையைத் தூக்கிப் போட வேண்டும் என்பது அவன் அலுவலக விதி. நல்ல விதிதான். அப்படி வருகிறவன் பாதியில் வேலையை விட்டு ஓடுவான், அல்லது கம்பியைத் திருடுவான்.

அவன் போன் செய்தபோது ராசாங்கம் பூங்காவனத்தின் வீட்டில்தான் இருந்தார். எப்போது வேலை தொடங்கலாம் என்று கேட்க வந்தவர். பூங்காவனம் ஸ்பீக்கரில் போட்டாள். நல்ல சேதியை அவரும் கேட்கட்டும் என்று.

"அம்மா, அந்த மேஸ்திரி சரிப்பட மாட்டான்."

"ஏண்டா? அவன் வெலதான கம்மி?"

"அதாம்மா பிரச்சினையே. ஒன்றரை லட்ச ரூபா வேலைய ஒருத்தன் தொண்ணூத்தஞ்சுக்கு செய்றேங்குறான்னா, ஒண்ணு அவன் முட்டாளா இருக்கணும், இல்ல திருடனா இருக்கணும். எங்கயோ மறைச்சு வெச்சிருக்கான். இன்னும் கண்டுபுடிக்கல. கண்டுபுடிச்சிருவேன்."

ராசாங்கம் வாய் திறந்தார். பூங்காவனம் அவரைப் பார்த்துத் தலையை அசைத்தாள். மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"திருடனெல்லாம் இல்லடா. பழகுன ஆளு."

"பழகுனவன்தான்மா ஏமாத்துவான். ஒனக்கு ஒண்ணும் தெரியாது. மழ முடியட்டும். தையில மறுபடி மூணு கொட்டேஷன் வாங்கு."

"மழைக்குத்தானடா கூர?"

"ரெண்டு மாசம் சமாளிம்மா. மூணு வருசம் சமாளிச்சல்ல."

போனை வைத்தான். அந்த மாதம்தான் அவன் பிளாட்டில் அலங்காரத்துக்குப் பால்ஸ் சீலிங் போட்டார்கள். ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அதற்கு ஒரே கொட்டேஷன். மனைவி லாவண்யாவின் அண்ணன் போட்டது.

ராசாங்கம் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து அரைத்தாளை எடுத்து நீட்டினார்.

"வெச்சிரு" என்றாள். "தையில வேற மாதிரி எழுதுவோம். நூத்தி இருவதுன்னு எழுதுனா திருடன்னு சொல்ல மாட்டான்ல?"

"ஒரு லட்சத்துக்கு மேல தரமாட்டானே, யக்கா."



ஐப்பசியில் மழை பிடித்தது. யார் வீட்டிலோ மஞ்சள் நீராட்டு விழாவுக்குக் கட்டிய பிளெக்ஸ் பேனர் ஒன்றைக் கேட்டு வாங்கி, மாடியில் கூடத்துக்கு மேலே விரித்துச் சுற்றிலும் கல் வைத்தாள். பட்டுப்பாவாடை கட்டிய ஒரு பெண் பிள்ளையும் அவள் தாய்மாமன்களும் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தார்கள். ஒழுகுவது கொஞ்சம் நின்றது. நாலாம் நாள் விடிந்ததும் காற்று. பேனரின் ஒரு முனை கிளம்பிப் படபடவென்று அடித்தது. கூடத்தில் கட்டில் மேலேயே சொட்ட ஆரம்பித்துவிட்டது. பூங்காவனம் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

காத்தாயி பால் வாங்கிக்கொண்டு வந்தவள் தெருவிலிருந்து பார்த்தாள்.

"ஏய், எறங்குடி. பாசி வழுக்கும்."

"ஒரு கல்லு வெச்சுட்டு வந்துடுறேன்."

"ஒம் மவன் சீலிங்கு போட்டானாமே, அதுல ஒரு துண்டு கேளேன்."

பூங்காவனம் திரும்பினாள். ஏதோ பதில் சொல்லத்தான் திரும்பினாள். பேனர் கிளம்பி முழங்காலில் அடித்தது. பாசியில் கால் போனது. பிடிக்க ஓரம் இல்லை.

காத்தாயிதான் ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழி முழுக்க அழுதாள். அந்தச் சொல்லை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் என்று தெருவில் எல்லாரிடமும் சொன்னாள்.

இடுப்பு எலும்பு முறிவு. கலைவாணன் அன்று மாலையே வந்தான். தனியாரிடம் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று பட்டது. வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து பெரம்பலூரில் ஒன்று, திருச்சியில் இரண்டு என்று மூன்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தான். அறை வாடகை சேர்த்தா, பிளேட் எந்த நாட்டுப் பிளேட், மயக்க மருந்து டாக்டர் பீஸ் தனியா. ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதினான். வார்டுக் கதவு திறந்திருந்தது.

"மூணு கொட்டேசனும் வந்துருச்சா?" என்றாள் பூங்காவனம்.

"கிண்டல் பண்ணாதம்மா. நாளைக்கு முடிவு பண்ணிருவேன்."

"நிதானமாப் பண்ணு. மறைச்சு வெச்சிருப்பானுவ."

மூன்றாம் நாள் முடிவு செய்தான். நாலாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, இப்போது மயக்க மருந்து தாங்கமாட்டாள், காய்ச்சல் இறங்கட்டும் என்றார்கள். இறங்கவில்லை.

பதினோரு நாள் பக்கத்தில் இருந்தான். அவள் பெரும்பாலும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க ஒழுவல" என்றாள் ஒருமுறை. அவன் அவள் கையைத் துடைத்துவிட்டான். கறுப்பு போகவில்லை. சோப்புப் போட்டுத் துடைத்தான். அப்போதுதான் அவனுக்கு அது என்ன கறுப்பு என்று தெரிந்தது.

"செட்டுக்குப் போனியாம்மா?"

அவள் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு அவன் தலையைத் தடவினாள். நெற்றி, உச்சி, பிடரி எல்லாம் முழுசாக இருக்கிறதா என்று பார்க்கிறவளைப் போல.

"ஒனக்கு ஒண்ணும் இல்லல்ல? தலைவலி, காய்ச்ச எதுவும்?"

"எனக்கென்ன."

"அப்ப என்னோட போச்சு" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. காய்ச்சலில் பேசுகிறாள் என்று நினைத்து அவன் நர்ஸைக் கூப்பிடப் போனான். அதற்கடுத்த நாள் மத்தியானம் இறந்தாள்.

வீட்டில் கிடத்தினார்கள். மழை. கூடத்தில் நாலு இடத்தில் சொட்டியதால் கட்டிலை இரண்டு தடவை நகர்த்த வேண்டியிருந்தது. முகத்தில் ஒரு சொட்டு விழுந்தபோது காத்தாயி முந்தானையால் துடைத்தாள்.

அம்மாவைக் காடு சேர்த்து வந்த அன்றே அரும்பாவூர்த் தாய்மாமன் பேச்சை எடுத்தார். "பதினாறாம் நாளு நூத்தம்பது பேரு வருவாங்க. பந்தி எங்க போடுறது? இந்தக் கூரையப் பாத்தா உன்னையும் சிரிப்பாங்க, எங்களையும் சிரிப்பாங்க. இஞ்சினியருங்குற."

கலைவாணன் ராசாங்கத்தைக் கூப்பிட்டான். அவர் வந்து நின்றார், உட்காரவில்லை.

"பதிமூணு நாளுல முடியுமா, மேஸ்திரி?"

"நடுவுல மழ விட்டுக் குடுத்தா முடியும். எட்டாளு போடணும். ஒரு லட்சத்து அம்பத்தஞ்சாயிரம்."

"அப்ப தொண்ணூத்தஞ்சு எழுதியிருந்தீங்க."

"ஆமா."

"நாலு மாசத்துல அறுபதாயிரம் ஏறிடுச்சா?"

ராசாங்கம் வாசலுக்குப் போய் ஸ்கூட்டரின் பெட்டியைத் திறந்து, ஆதார் ஜெராக்ஸ்களுக்கும் சிமெண்டு ரசீதுகளுக்கும் அடியிலிருந்து ஓர் அரைத்தாளை எடுத்து வந்து கொடுத்தார்.

கலைவாணன் படித்தான். இரண்டு வரிதான். எந்தத் தாளையும் ஒரே படிப்பில் நம்புகிறவன் இல்லை. தேதி பார்த்தான். எழுத்தைப் பார்த்தான். கடைசியில் கீழே இருந்த நீல வட்டத்தைப் பார்த்தான். கோடு இல்லாத கட்டைவிரல். செந்துறையில் அப்படி ஒரு விரல் இன்னொருவருக்கும் இருக்கலாம் என்று ஒரு கணம் யோசித்தான். யோசித்ததற்காகப் பிறகு நெடுநாள் வெட்கப்பட்டான்.

"நீங்க ஏன் சொல்லல?"

"சொல்லாதன்னாங்க. அன்னைக்கு ஸ்பீக்கர்ல போட்டாங்க தம்பி. இங்கனதான் ஒக்காந்திருந்தேன்."

கலைவாணனுக்கு அந்தப் போன் நினைவு வந்தது. தான் சொன்ன வார்த்தைகள் வரிசையாக வந்தன.

"கொல்ல மகசூலு நீங்களே எடுத்துக்குங்க, மேஸ்திரி. எத்தன வருசம் வேணும்னாலும்."

"வேணாம். வெல முழுசா குடுங்க. முன்பணம் பாதி. பில்லு எழுதித் தாரேன். ஒண்ணும் மறைக்கல." சொல்லிவிட்டு அண்ணாந்து, சுண்ணாம்புக் கட்டி வட்டங்களைப் பார்த்தார். "வட்டமெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்றார்.

மழை ஒன்பது நாள் விட்டுக் கொடுத்தது. கொத்தினார்கள், தேய்த்தார்கள், கட்டினார்கள், பூசினார்கள். தட்டோடு பதித்தார்கள். கைப்பிடிச்சுவரும் எழுப்பினார்கள். பதினைந்தாம் நாள் வெள்ளையடித்தார்கள். கருமாதியன்று பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஒருதடவை அண்ணாந்தார்கள்.

இலையை எடுக்க வந்த காத்தாயி நடுக்கூடத்தில் நின்றாள். "பரவால்ல. மவன் கூர போட்டுக் குடுத்துட்டான்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மனதாரத்தான் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த நாலு பேர் ஆமாம் என்றார்கள்.

மறுநாள் எல்லாரும் போய்விட்டார்கள். லாவண்யாவையும் பஸ் ஏற்றிவிட்டான். புதுத் தளத்துக்கு ஒரு சோதனை உண்டு. தண்ணீர் போகும் ஓட்டைகளை அடைத்து, மாடி முழுக்க இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, நாற்பத்தெட்டு மணி நேரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். செய்யாமல் பணம் தீர்க்கக் கூடாது. ராசாங்கத்துக்குப் பணம் ஏற்கெனவே தீர்த்தாகிவிட்டது. இருந்தும் ஓஸ் பைப்பைத் தூக்கிக்கொண்டு மேலே போய்த் தண்ணீர் கட்டினான்.

கீழே வந்து அம்மாவின் கட்டிலைக் கூடத்தில், முன்பு அதிகம் ஒழுகிய இடத்துக்கு நேர் கீழே இழுத்துப் போட்டான். அவள் குடம் வைக்கும் இடங்கள் சிமெண்டுத் தரையில் வளையம் வளையமாகத் தெரிந்தன. ஏழு. மல்லாந்து படுத்துக்கொண்டான். இரண்டு பகல், இரண்டு இரவு. சாப்பாடு காத்தாயி கொண்டுவந்து வைத்தாள். மணி பார்த்துப் பார்த்து நோட்டில் குறித்தான். ஆறு மணி நேரம், இல்லை. பன்னிரண்டு மணி நேரம், இல்லை. இருபத்துநாலு, இல்லை. முகத்தைத் திருப்பாமல், கண்ணை எடுக்காமல் கிடந்தான். ஓர் ஈரத் தடமாவது வராதா, மூலையில் ஒரு கருமையாவது படராதா, ஒரே ஒரு சொட்டு விழுந்தால் போதும், அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று காத்துக்கிடந்தான்.

நாற்பத்தெட்டு மணி நேரமும் ஆனது. ஒரு சொட்டும் விழவில்லை.